கதை கேட்க ஒரு காது: ஹோம்ஸ்கூலிங்கின் 130 வருஷப் பயணம்

இந்த எபிசோட் ஒரு எக்ஸெல் ஷீட்ல ஆரம்பிக்குது.

போன வருஷம் என் அக்கா தன் பையனை ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டா. அவனுக்கு எட்டு வயசு. ஏன்னு கேட்டீங்கன்னா அது அவ சொல்ல வேண்டிய கதை, நான் சொல்லக் கூடாது. எனக்கு வந்த போனை மட்டும் சொல்றேன். "டேய், எந்நேரமும் கம்ப்யூட்டர்லயே கிடக்குற இல்ல? இவனுக்கு இங்கிலீஷும் தமிழும் சொல்லிக் கொடுக்க நெட்ல என்னல்லாம் இருக்குன்னு பார்த்துக் குடு."

ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். 61 லிங்க். பாடம், வயசு, இலவசமா காசா, என் மதிப்பெண் என்று தனித்தனி காலம், கலர் கோடு வேற. அனுப்பிட்டு நிம்மதியா தூங்கினேன். மூணு வாரம் கழிச்சு அக்கா வீட்டுக்குப் போனப்ப, எது உபயோகமா இருந்துச்சுன்னு கேட்டேன். "முதல் நாள் எல்லாத்தையும் திறந்தோம். ரெண்டாம் நாள் எதையும் திறக்கலை" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. நெட் வர்றதுக்கு முன்னாடி பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தவர்கள் என்ன பண்ணாங்க? தேடப் போனால், நான் கோட்டைவிட்ட விஷயம் 1891-லேயே இருந்தது.

இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த வடமேற்குப் பகுதியில் ஆம்பிள்சைட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே குடியேறி வேலை செய்தவர் சார்லட் மேசன் என்கிற ஆசிரியை. 1886-ல் வீட்டுக் கல்வியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1891-ல் தபால் வழியாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு பருவத்துக்கும் எந்தப் புத்தகத்தில் எத்தனை பக்கம் என்று ஒரு பட்டியல் தபாலில் வீட்டுக்கு வரும். பருவம் முடிந்ததும் கேள்வித்தாள் வரும். பிள்ளைகள் எழுதிய விடைத்தாள் ஆம்பிள்சைடுக்குத் திரும்பிப் போகும்.

பட்டியல் என்றால் என்னுடைய எக்ஸெல் ஷீட் மாதிரிதானே? இல்லை. அதோடு ஒரு முறையும் சேர்ந்து வந்தது. பிள்ளைக்கு ஒரு பகுதியை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட வேண்டும். பிள்ளை அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் திருத்தக் கூடாது, குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. சின்ன வயதில் வாயால் சொல்வது, பத்து வயதை ஒட்டி மெல்ல எழுத்தாக மாறும். கட்டுரை எழுதுவதற்கான அடித்தளமே இதுதான் என்பது மேசனின் நம்பிக்கை.

யோசிச்சுப் பாருங்க. திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால், எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்த வார்த்தையைப் போடுவது என்று எல்லா முடிவையும் பிள்ளையே எடுக்கணும். நாலு விடையில் ஒன்றை டிக் அடிக்கிறதில் இந்த வேலையே கிடையாது. ஆனால் இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. எதிரில் யாராவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கணும்.

அதே காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இது நடந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கால்வர்ட் பள்ளி. அதன் தலைமையாசிரியர் வெர்ஜில் ஹில்யர் 1906 வாக்கில் பாடங்களைப் பெட்டியாகக் கட்டி வெளியூர்க் குடும்பங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தார். 1951-ல் ஆஸ்திரேலியாவில் தபாலுக்குத் துணையாக ரேடியோ வந்தது. பறக்கும் மருத்துவர் சேவைக்கென்று ஏற்கெனவே இருந்த ரேடியோவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பாடம் ஒலிபரப்பானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஆட்டு மாட்டுப் பண்ணைகளில் இருந்த பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். அங்கேயும் பிள்ளையின் குரல் திரும்பிப் போக வழி இருந்தது. வீட்டில் அம்மாவோ வேறு யாரோ பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பாடம் நகர்ந்தது.

இப்ப நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1971, ஜூலை 4. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்ற மாணவருக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டரில் வேலை செய்ய அனுமதி கிடைத்தது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை அதில் தட்டச்சு செய்து வைத்தார். எல்லோருக்கும் அனுப்பினால் நெட்வொர்க் தாங்காது. அதனால் 'இங்கே இருக்கு, வேண்டியவர்கள் எடுத்துக்கலாம்' என்று அறிவிப்பு மட்டும் போட்டார். ஆறு பேர் எடுத்தார்களாம். குட்டன்பர்க் திட்டம் பிறந்தது இப்படித்தான். எந்த அலங்காரமும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் ஃபைல். அதனால்தான் எந்த மெஷினிலும் திறந்தது.

அந்தப் பத்தாண்டிலேயே அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங் ஓர் இயக்கமாக வளர்ந்தது. ஜான் ஹோல்ட் என்ற கல்வியாளர் 1977-ல் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். கோர்ட், சட்டசபை என்று அலைந்து, 1993-க்குள் 50 மாநிலங்களிலும் அது சட்டப்படி செல்லும் என்றானது. அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் எல்லோராலும் பெட்டி பெட்டியாகப் பாடப்புத்தகம் வாங்க முடியுமா?

இங்கேதான் ரெண்டு நதியும் கலக்குது. 2000-களின் தொடக்கத்தில் சில அம்மாக்கள் சேர்ந்து ஆம்பிள்சைட் ஆன்லைன் என்ற இலவசப் பாடத்திட்டத்தை உருவாக்கினார்கள். சார்லட் மேசனின் முறை, வருஷவாரியாகப் புத்தகப் பட்டியல், பக்கத்திலேயே குட்டன்பர்க் மாதிரி இடங்களுக்கு லிங்க். மேசன் எழுதிய புத்தகங்களையும் தன்னார்வலர்களே தட்டச்சு செய்து போட்டார்கள். 2005-ல் லிப்ரிவாக்ஸ் வந்ததும், அதே பழைய புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்த ஆடியோவாகவும் கேட்க முடிந்தது.

ஏன் பழைய புத்தகங்கள்? ரசனை ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். 1998-ல் அமெரிக்கா காப்புரிமைக் காலத்தை இன்னொரு 20 வருஷம் நீட்டியது. அதனால் பெரும்பாலும் 1923-க்கு முன் வெளியான புத்தகங்களைத்தான் யாரும் சுதந்திரமாக எடுத்துப் போட முடிந்தது. அந்தக் கோடு 2019 ஜனவரி வரைக்கும் நகரவே இல்லை. 2005-ல் டெக்ஸாஸில் ஒரு குழந்தை விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷை வாசித்ததில் அந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு. எது இலவசமோ, அதுவே பாடமாகிடுது.

தமிழுக்கும் இதே கதைதான். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். குட்டன்பர்க் மாதிரியே தன்னார்வலர்கள், இலவசம். ஆனால் ஹார்ட்டுக்கு இல்லாத ஒரு தலைவலி இவர்களுக்கு இருந்தது. அன்றைக்குத் தமிழுக்குப் பொதுவான என்கோடிங் இல்லை. சரியான ஃபான்ட் இல்லையென்றால் திருக்குறள்கூடப் புரியாத குறிகளாகத்தான் தெரியும். டிஸ்கி, பிறகு யூனிகோட் என்று மாறி மாறித்தான் இன்றைய நிலைக்கு வந்தது. 2001-ல் தமிழ்நாடு அரசின் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளையும் மனதில் வைத்து மழலைக் கல்விப் பாடங்களைப் போட்டார்கள்.

சங்க இலக்கியம் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் எட்டு வயசுப் பையன் இன்று ராத்திரி தானே வாசித்து முடிக்கிற கதை? அந்த இடத்துக்கு 2015-ல் பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ், ஸ்டோரிவீவரைக் கொண்டு வந்தது. படத்தோடு கதைகள், வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நாலு படிநிலை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம் என்கிற திறந்த உரிமம். காப்புரிமை முடியும் வரை காத்திருக்காமல், பிறக்கும்போதே பொதுவாகப் பிறந்த கதைகள். நம்ம ஓப்பன் சோர்ஸ் மூளைதான் இது.

இந்தியாவில் ஹோம்ஸ்கூலிங் பண்றவங்க எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கும். என் அக்காவுக்கும் இருக்கு. 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் ஹோம்ஸ்கூலிங் என்ற வார்த்தையே கிடையாது. பத்தாவது எழுத, 1989-ல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கு. 14 வயசானா எழுதலாம். அதுவரைக்கும் 'பையன் ஒழுங்காப் படிக்கிறானா?' என்று கேட்கிற ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் அவ தனியாத்தான் பதில் சொல்லணும்.

அந்தப் பயத்துக்கு நான் குடுத்தது 61 லிங்க். இந்த வரலாற்றைப் படிச்ச பிறகுதான் என் தப்பு புரிஞ்சது. பக்கத்தை வீடு வரைக்கும் கொண்டு சேர்க்கிற வேலையைத் தபால், ரேடியோ, நெட் என்று ஒவ்வொன்றும் முன்னதைவிட மலிவா பண்ணிடுச்சு. அந்தப் பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்தாச்சு. பிள்ளை திருப்பிச் சொல்றதைக் கேட்கிற வேலை மட்டும் 1891-ல் எவ்வளவு நேரம் எடுத்ததோ, இன்னைக்கும் அவ்வளவு நேரம்தான் எடுக்குது. என் ஷீட்ல அதுக்கு ஒரு காலம் இல்லை. அந்த வேலை மொத்தமும் அக்கா தலையில விழுந்துச்சு. சமையல், வேலை, அதுக்கு மேல 61 லிங்க்.

இப்ப ஷீட்ல ரெண்டே வரி இருக்கு. தமிழுக்கு ஒண்ணு, இங்கிலீஷுக்கு ஒண்ணு. புதன், ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு அவன் எனக்கு வீடியோ கால் பண்ணுவான். அன்னைக்கு வாசிச்ச கதையைச் சொல்லணும், நான் வாயை மூடிக்கிட்டுக் கேட்கணும். முதல் வாரம் "ஒரு நாய் இருந்துச்சு மாமா, அவ்ளோதான்" என்று முடிச்சிட்டான். நானும் நடுவில் புகுந்து எடுத்துக் குடுத்தேன். "நீ சும்மா இருடா, அவன் சொல்லட்டும்" என்று பின்னாடி இருந்து அக்கா குரல்.

ரெண்டு மாசம் ஆச்சு. போன ஞாயிறு அதே மாதிரி ஒரு நாய்க் கதையைப் பதினோரு நிமிஷம் சொன்னான். பாதி அந்தக் கதையிலேயே இல்லாதது. நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "அந்த நாய்க்கு அப்போ எப்படி இருந்திருக்கும்னா..." என்று ஒரு வார்த்தையைத் தேடினான். எனக்கு அந்த வார்த்தை தெரியும், நாக்கு நுனியில் இருந்துச்சு. சொல்லலை.

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கண்டுபிடிச்சான்.

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவங்க அம்மாவுக்கு இன்னொரு லிங்க் அனுப்பாதீங்க. வாரத்துக்கு இருபது நிமிஷம் கதை கேட்கிறேன்னு சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.