மாட்டாஸ்பத்திரியில் மணிக்குக் கிடைத்த இடம்

"மலருக்கு ஏதாவது மெஷின் பத்தி எழுதுப்பா" என்று கேட்டார்கள். நான் எழுதப் போவது ஒரு நாயின் காலைப் பற்றி. இதிலும் கொஞ்சம் இன்ஜினியரிங் இருக்கிறது, பொறுத்தருள்க!

2010, எங்களுக்கு மூன்றாம் ஆண்டு. ஏற்காடு போய்விட்டு கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக பைக்கில் இறங்கினோம். அடிவாரத்து டீக்கடை முன்னால் கூட்டம். ஏதோ வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. கடைக்கார அக்கா வளர்த்த மணி, பின்னங்கால் தொங்க முனகிக்கொண்டு கிடந்தது. "மாட்டாஸ்பத்திரியில மாட்டைத்தானே தம்பி பாப்பாங்க? நாயை யாரு பாப்பா?" என்றார் அக்கா.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1761ல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியது குதிரைக்காகவும் மாட்டுக்காகவும்தான். நம் நாட்டிலும் பட்டாளத்துக் குதிரையும் உழவு மாடும்தான் முதலில் வைத்தியம் பெற்றன. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்து, பிறகு வேப்பேரிக்குப் போனது. விலை உள்ள பிராணிக்கு வைத்தியம். விலை இல்லாத தெருநாய்க்கு? பிடித்துக் கொல்வதுதான் பல காலம் நகராட்சிகளின் வழி. அதற்குப் பதிலாகக் கருத்தடை அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடலாம் என்று சென்னையில் புளூ கிராஸ் 1960களிலேயே சொன்னது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 2001ல் அது மத்திய அரசின் விதியானது, 2023ல் புது விதிகள் வந்தன. தெருநாயின் காதில் சிறு வெட்டு பார்த்திருப்பீர்களே, அது ஆபரேஷன் ஆன அடையாளம்.

அறுவைக்கு முதல் தேவை மயக்கம். 1846ல் பாஸ்டனில் மனிதருக்கு ஈதர் கொடுத்துக் காட்டினார்கள். மறு வருஷமே எட்வர்ட் மேஹியூ என்ற ஆங்கிலேயக் கால்நடை வைத்தியர் நாய், பூனைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். 1867ல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ் பிடிக்காமல் காக்கலாம் என்று எழுதினார். கெட்டமைன், சைலசீன் இரண்டும் உருவானது 1962ல். அவை பரவிய பிறகு, வாயு மெஷின் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியிலும் ஊசி போட்டே ஆபரேஷன் செய்ய வழி பிறந்தது.

நம் துறைக்காரர்களுக்கு ஒரு சேதி. நாய்க்கு மாவுக்கட்டு போட்டால் கடித்துப் பிய்த்துவிடும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆட்டோ ஸ்டேடர் 1930களில் ஒரு கருவி செய்தார். எலும்பில் ஊசிக்கம்பிகளை ஏற்றி, தோலுக்கு வெளியே ஒரு தண்டில் இணைத்து, திருகைத் திருப்பி முறிவைச் சரிசெய்வது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதைத் தன் வீரர்களுக்கே பயன்படுத்தியது. நாய் வைத்தியம் மனிதனுக்கு வந்த கதை!

மணிக்கு வருவோம். நாமக்கல்லில் 1985லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்று ஒரு நண்பனுக்குத் தெரிந்திருந்தது. டாடா ஏஸ் பிடித்தோம். வலியில் கடிக்கும் என்பதால் வாயைத் துணியால் தளரக் கட்டி, பலகையில் கிடத்திக் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பு இரண்டு துண்டு. "இதுக்கு மாவுக்கட்டு நிக்காதுப்பா" என்றார் டாக்டர். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டு இரண்டும் அசையாமல் இருக்க வேண்டும், நாயின் இடுப்பைக் கட்டி வைக்க முடியாது. அதனால் எலும்பின் உள்குழாயில் எஃகுக் கம்பி ஏற்றினார்கள்.

அக்காவால் கடையை விட்டுக் கவனிக்க முடியாது. ஹாஸ்டல் பின்புறம் மணிக்கு இடம் போட்டோம். கழுத்தில் பக்கெட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம். அஞ்சாம் நாள் ராத்திரி, "பாவம்டா, தூங்கட்டும்" என்று அதைக் கழற்றியது நான்தான். காலையில் பார்த்தால் தையல் பூராவும் பிய்ந்து, புண் வாய் திறந்து கிடந்தது. மறுபடி நாமக்கல், மறுபடி மயக்கம், மறுபடி தையல். டாக்டர் திட்டவில்லை. "ஆபரேஷன் எங்க வேலை, ஒரு மணி நேரம். மிச்ச நாளெல்லாம் உங்க வேலை" என்றார், அவ்வளவுதான். அது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

எட்டு வாரம் கழித்து மணியைக் குப்பனூரில் இறக்கினோம். லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தது. "எங்க கண்ணு வந்துட்டான்" என்று அக்கா அழுதுவிட்டார். எங்களுக்கு டீக்குக் காசு வாங்கவே இல்லை.

தம்பி தங்கைகளே, ஹாஸ்டல் நாய்க்கும் பூனைக்கும் சோறு போடுகிறீர்கள், சந்தோஷம். அடிபட்டால் நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். உங்களைக் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஊசி போடுங்கள். தையல் பிரிக்கும் வரை, பத்துப் பதினாலு நாள், வளையத்தைக் கழற்றாதீர்கள், எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும்!

மாட்டாஸ்பத்திரி இன்று நாய்க்கும் பூனைக்கும் கதவு திறந்திருக்கிறது. அதுவரை தூக்கிக்கொண்டு போகவும், பிறகு பக்கத்தில் உட்காரவும் ஆள் வேண்டும். குப்பனூர் வழியாகச் சங்கமத்துக்கு வருபவர்கள் வண்டியை மெதுவாக ஓட்டி வாருங்கள். சந்திப்போம்!