நாம் எழுதிய மனுக்கள்



நம் சேரிகளில் பல வீடுகளில் தகரப் பெட்டியிலோ மஞ்சப்பையிலோ பழைய மனுக்களின் நகல்கள் கிடக்கும். சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய், மனைப்பட்டா என்று ஊராட்சித் தலைவருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதியவை. ‘தங்கள் பாதம் பணிந்து’ என்று தொடங்கி ‘ஏழைகள் எங்கள்மீது கருணை கூர்ந்து’ என்று முடியும். இதைப் படிக்கும் இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. ‘மனு எழுதுவதே கையேந்துவதுதானே, எழுதி என்ன கிடைத்தது?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த நினைவு நாளில் அதற்கு நம் வரலாற்றில் பதில் தேடுவோம்.

1891 டிசம்பரில், அயோத்திதாசப் பண்டிதர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை, நீலகிரியில் கூடிப் பத்துத் தீர்மானங்களை எழுதியது. அதே ஆண்டு செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலமற்ற நிலை பற்றி அரசுக்கு அறிக்கை தந்தார். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் உரிமை கோருவது அந்தத் தாளை வைத்துத்தான்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அப்போது ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடக்கும் அதே நேரத்தில் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. படிப்பு யாரிடம் இருந்ததோ அவர்களிடமே பதவியும் போய்ச் சேரும், ஊரில் நம்மை ஒடுக்குகிறவர்களே அலுவலகத்திலும் உட்காருவார்கள் என்று நம்மவர் அஞ்சினார்கள். அதை எதிர்த்து அவர் முன்னெடுத்த மனு 112 அடி நீளம். அதில் 3,412 கையெழுத்துகள். ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர் வழியாக அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. அதன் நிலைப்பாடு சரியா என்று இன்று விவாதிக்கலாம். ஆனால் பள்ளிக்கூட வாசலே மறுக்கப்பட்ட மக்கள், நாட்டை யார் ஆள்வது என்ற விவாதத்தில் தங்கள் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் யாரிடமும் கருணை கேட்கவில்லை.

பிறகு நம்மவர்களே சட்டமன்றத்துக்குள் போனார்கள். எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால் 1922 மார்ச் 25 அன்று அரசாணை எண் 817 வந்தது. அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் இடம்பெற்றது. 1924இல் இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம், அரசாணை எண் 2660 ஆனது. பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எந்தச் சாதியாரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்றது அது. ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லிக் கேட்டதுதான் அந்தத் தீர்மானத்தின் பலம்.

ஆணை வந்ததும் கிணறுகள் திறந்துவிட்டனவா? இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி நமக்கென ஒதுக்கப்பட்டு, முருகேசன் தலைவரானார். அவரே உள்ளூர் அரசியல்வாதி. மனு வாங்க வேண்டியவர். ஆனால் எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு அவரே ஆட்சியர் அலுவலகம் போக வேண்டியிருந்தது. 1997 ஜூன் 30 அன்று திரும்பி வரும் வழியில் பேருந்தை மறித்து, அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019இல் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தது. அதை எதிர்த்து மறுபடியும் நாம் எழுத வேண்டியிருந்தது.

ஆகவே மனு மட்டும் போதும் என்று நாம் சொல்லவில்லை. போராட்டம் வேண்டும், அமைப்பு வேண்டும். ஆனால் எழுதி வைக்காத கோரிக்கையை ‘யாருமே கேட்கவில்லையே’ என்று ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். அந்த வரியை எழுத அவர்களுக்கு இடம் தரக்கூடாது.

மாணவர்களே, ஊருக்குப் போனதும் அந்த மஞ்சப்பையைப் பிரித்துப் பாருங்கள். பல மனுக்களில் தேதி இருக்காது, சர்வே எண் இருக்காது, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை இருக்காது. அடுத்த மனுவை நீங்கள் எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. எந்த இடம், எந்தச் சர்வே எண், எந்த அரசாணை, எத்தனை குடும்பங்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். தெருவே கையெழுத்திடட்டும், கைநாட்டு வைப்பவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்பும்போது ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்தைக் கேளுங்கள். 30 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.

‘கருணை கூர்ந்து’ என்று நம் தாத்தா எழுதிய இடத்தில் ‘அரசாணையின்படி’ என்று எழுதுங்கள். அவர் எழுதியதைக் கிழித்துவிடாதீர்கள். அந்தத் தெருவுக்கு எத்தனை ஆண்டுகளாகப் பாதை மறுக்கப்படுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் மனுவோடு முதல் இணைப்பாக அதன் நகலையும் வையுங்கள்.