உப்பு போன வழி

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு கோடைப் பகலில் படிந்த உப்பு என்று வைத்துக்கொள்வோம். மூட்டையாகி, ரயிலேறி, பௌரிங்பேட்டையில் கிளைப்பாதைக்கு மாறி, மாரிக்குப்பம் வரை வந்து, ஆண்டர்சன்பேட்டைக் கடையில் படியால் அளந்து கொடுக்கப்பட்டு, எங்கள் பாட்டியின் உப்பு மரவையில் விழுகிறது. அதில் ஒரு சிட்டிகை, தாத்தாவின் தூக்குவாளியில் கரைத்த கேழ்வரகுக் கூழுக்குள் போகிறது. தாத்தாவுக்கு கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. அந்தச் சிட்டிகையில் இருந்த ஒரே ஒரு சோடியம் அயனியின் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிய சுரங்கம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே வேலை செய்கிறவனுக்கு வியர்வை ஆறாக ஓடும். வியர்வையோடு உப்பும் போகும். தண்ணீரை மட்டும் குடித்து ஈடுகட்டினால் கெண்டைக்காலும் வயிறும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் இதை ஆராய்ந்த மாஸும் ஹால்டேனும், குடிநீரில் கொஞ்சம் உப்பைச் சேர்த்தாலே இழுப்பு நின்றுபோவதைக் கண்டார்கள். நம் வீடுகளில் கூழிலும் நீராகாரத்திலும் உப்புக் கல்லைப் போட்ட கைகள் அந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை.

தசைக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு? தசைக்கு வரும் செய்தி, நரம்பு வழியாக ஓடும் மின்சாரம். அந்த மின்சாரத்தைச் சுமந்து செல்வது, கம்பியில் உள்ளதுபோல எலக்ட்ரான் அல்ல, நம் சோடியம்தான். கூழோடு குடலில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, தாத்தாவின் முன்னங்கை நரம்பொன்றின் வெளிச்சுவரில் அது வந்து நிற்கிறது என்று கொள்வோம். உளிப் பிடியை இறுக்கச் சொல்லி மூளையிலிருந்து உத்தரவு கிளம்பிவிட்டது.

இயற்பியலுக்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. செல்லின் சுவர் ஓர் எண்ணெய்ப் படலம். தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான். ஆனால் மின்னூட்டம் கொண்ட அயனிக்கு எண்ணெய் என்றால் ஆகாது. நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து இழுத்து வைத்திருக்கின்றன. அந்தப் போர்வையை உதறிவிட்டு எண்ணெயில் இறங்க, வெப்பத்தால் அதற்குக் கிடைக்கும் அசைவைப் போலப் பல பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 1969இல் பார்செஜியன் போட்ட கணக்கு இது. சுவரில் ஒரு குழி வெட்டி, அதன் உட்பக்கம் நீரைப் போல நடந்துகொள்ளும்படி செய்தாலொழிய அயனி உள்ளே போக முடியாது. அந்தக் குழிதான் அயனிக் கால்வாய்.

ஒரு பக்கம் போகமுடியாத சுவர். இன்னொரு பக்கம் உள்ளே இழுக்கும் பெரும் விசை. வெளியே ஒரு லிட்டருக்கு 145 மில்லிமோல் சோடியம், உள்ளே அதில் பத்தில் ஒரு பங்கு. போதாததற்கு உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. 70 மில்லிவோல்ட் அற்பமாகத் தோன்றும். 5 நானோமீட்டரால் வகுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட். நெர்ன்ஸ்ட் 1889இல் எழுதிய சமன்பாட்டைப் போட்டால், சோடியம் சமநிலைக்கு வருவதற்கு உட்பக்கம் ஏறத்தாழ +65 மில்லிவோல்ட் வரை ஏறவேண்டும். இருப்பதோ −70. நம் சோடியம், சுரங்க ஷாஃப்டின் வாயில் ஆளை இறக்கும் கூண்டான கேஜைப் போல நிற்கிறது: கீழே ஆழம், பிடித்து வைத்திருப்பது கதவு மட்டும்.

மணியடிக்காமல் கேஜ் நகராது. இங்கே மணியடிப்பது மின்னழுத்தம். பக்கத்துச் சுவரில் அழுத்தம் சற்று ஏறினால் கதவு திறக்கிறது, சோடியம் பாய்கிறது, அதனால் அழுத்தம் இன்னும் ஏறி அடுத்த கதவைத் திறக்கிறது. இதைக் கணிதமாக்கியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். இரண்டு பேரும் பிளிமத் கடற்கரையில் ஊசிக்கணவாயின் பெரும் நரம்பை எடுத்து வேலை செய்தார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள அந்த நரம்புக்குள் கம்பியையே நுழைக்கலாம். 1952இல் வந்த அவர்கள் சமன்பாட்டில் சோடியத்தின் பாதைக்கு மூன்று தாழ்கள் ஒன்றாக விலகவேண்டும். சற்றுப் பின்தங்கி நகரும் நான்காவது ஒன்று வந்து வழியை அடைக்கும். திறந்திருக்கும் நேரம் ஒரு மில்லிநொடி போல. அன்றைக்குக் கால்வாயைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. வளைவரையின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாழ்களை எண்ணினார்கள்.

கேம்பிரிட்ஜின் கணினி அப்போது ஓய்வில் இருந்ததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் பிரன்ஸ்விகா கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். துடிப்பு நொடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் ஓடும் என்று வந்தது. கணவாய் நரம்பில் அளந்தபோது 21.2 மீட்டர். காகிதத்தில் எழுதிய நாலு சமன்பாடுகள் ஓர் உயிரின் நரம்புக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

குழியின் சுவர் எப்படி இருக்கும் என்ற கேள்வி பாக்கி. இதற்கான ஒரு விடை நம் ஊருக்கு 100 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில் எழுதப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து 1939இல் ரெனே டுபாஸ் பிரித்தெடுத்த கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கிருமியின் சுவரைத் துளைத்து அதன் வழியே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஓடவிட்டுக் கொல்கிறது. அது 15 அமினோ அமிலங்களின் சங்கிலி. இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் மாறிமாறிக் கோத்தது. நம் உடலின் புரதங்களில் இடக்கை மட்டும்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963இல் ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று வரைபடமாக்கிய ஜி. என். ராமச்சந்திரன் பின்னர் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். 1972இல் அவரும் ஆர். சந்திரசேகரனும் இப்படி மாறிமாறிக் கோத்த சங்கிலி எப்படிச் சுருளும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் துளை உள்ள சுருள்கள் வந்தன. அமெரிக்காவில் டான் அரி அதற்கு முந்தைய ஆண்டே கிராமிசிடினுக்கு அத்தகைய சுருளை முன்மொழிந்திருந்தார். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னால் கொலாஜனையும் அந்த வரைபடத்தையும் சொல்வார்கள். அயனி இறங்கும் துளையைப் பற்றி அவர் போட்ட கணக்கைச் சொல்வோர் குறைவு. சொல்லவேண்டும்.

கிராமிசிடினின் துளை 4 ஆங்ஸ்ட்ராம் அகலம். நீரும் அயனியும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் போகமுடியும். நரம்பின் கால்வாய் இன்னும் நுட்பமானது. 1976இல் நேஹரும் சாக்மனும் தவளைத் தசையின் ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தையே பிடித்துவிட்டார்கள். அது பிக்கோ ஆம்பியர் கணக்கு. ஒரு பிக்கோ ஆம்பியர் என்றால் நொடிக்கு 62 லட்சம் அயனிகள். நம் சோடியம் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக உள்ளே விழுந்துவிட்டது. தாத்தாவின் விரல்கள் உளியை இறுக்கின.

விழுவதற்குச் செலவில்லை. மேலே ஏற்றுவதற்குத்தான் செலவு. சுரங்கத்தில் வேலை செய்தவர் எவருக்கும் இதை விளக்க வேண்டாம். கேஜை ஏற்றவும், பாறையை ஏற்றவும், நீரை இறைக்கவும் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் மின்சாரம் கொண்டுவந்தார்கள். செல்லிலும் ஏற்றும் எந்திரம் தனியாக இருக்கிறது. 1957இல் ஸ்கௌ கண்டறிந்த சோடியம்-பொட்டாசியம் பம்பு அது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். செல்லின் எரிபொருளான ஏடிபி எரிந்தால்தான் ஓடும்.

கால்வாயும் பம்பும் வேறு வேறு என்பதைக் காட்டிக்கொடுத்த பொருள் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது: சயனைடு. அரைத்த பாறையிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்க ஊற்றியது சோடியம் சயனைடு. பொன்னைப் பிடிப்பது சயனைடு. உடன் வந்த சோடியத்துக்கு அதில் வேலையில்லை. பொன் போன பிறகு மிஞ்சிய தூள் கொட்டப்பட்டு மேடாகி, காற்றடித்தால் தட்டிலும் துணியிலும் படிந்தது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். செல்லில் ஏடிபி உண்டாவதைத் தடுக்கும் இதே சயனைடைத்தான் 1955இல் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாய் நரம்பில் விட்டார்கள். நம் சோடியத்தை அதன் கூட்டத்திலிருந்து அடையாளம் காண முடியாது என்ற குறைக்கு அவர்கள் கதிரியக்கச் சோடியத்தைப் பயன்படுத்தினார்கள். சயனைடு பட்டதும் சோடியம் வெளியேறுவது வெகுவாகக் குறைந்தது. நரம்போ துடிப்பை அனுப்பிக்கொண்டே இருந்தது. கதவுக்கு எரிபொருள் வேண்டாம், ஏற்றத்துக்கு வேண்டும் என்று அப்படித் தெளிந்தது. சயனைடைக் கழுவிவிட்டால் பம்பு மீண்டும் ஓடியது.

தாத்தாவின் நரம்பில் விழுந்த நம் சோடியத்தையும் பம்பு வெளியே தள்ளியிருக்கும். பிறகு அது வியர்வைச் சுரப்பியை அடைந்திருக்கலாம். அங்கும் கால்வாய்கள் உண்டு. வெளியேறப் போகும் வியர்வையிலிருந்து சோடியத்தைத் திரும்ப உறிஞ்சும் அவை, வெப்பத்துக்குப் பழகிய உடலில் இன்னும் மும்முரமாக வேலை செய்யும். பழகிய தொழிலாளியின் வியர்வையில் உப்பு குறைவு. அதையும் தப்பி வந்தது, தாத்தாவின் சட்டை முதுகில் வெள்ளை வரியாகக் காய்ந்தது. பாட்டி தொழிலாளர் லைன் குழாயடியில் அதைத் துவைப்பாள்.

பம்பு நிற்கும்போது ஒரு செல்லில் நடப்பதைப் பாடப்புத்தகம் சுருக்கமாகச் சொல்லும்: சோடியம் உள்ளே சேரும், அதன் பின்னால் நீர் வரும், செல் வீங்கும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். நீர் இறைக்கும் பம்புகளும் நின்றன. ஆழத்திலிருந்து தளம் தளமாக ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறியது.