முன்கண்ணாடியும் காற்றின் இரைச்சலும்

இத்தாலி நாட்டின் வடபாகத்தில், கோமோ ஏரியின் கரையிலே, மண்டெல்லோ டெல் லாரியோ என்றொரு சிற்றூர் உண்டு. மோட்டோ குற்சி என்னும் மோட்டார்ச் சைக்கிள் கம்பனி 1921 ஆம் ஆண்டு முதல் அவ்வூரிலே தொழில் நடத்தி வருகின்றது. அக்கம்பனியார் 1950 இல் அங்கே ஒரு காற்றுச் சுரங்கத்தைக் கட்டத் தொடங்கினர். வாகனத்தையும் அதன்மேல் அமர்ந்தவரையும் ஓரிடத்தில் அசையாது நிறுத்தி, பெருவிசிறியொன்றினால் காற்றை அவர்கள்மீது பாயச் செய்யும் கூடம் அது. நிற்கும் காற்றை வாகனம் ஊடறுத்துச் செல்வதும், நிற்கும் வாகனத்தைக் காற்று ஊடறுத்துச் செல்வதும் விளைவில் ஒன்றேயாதலால், சாலையிற் காணமுடியாத பலவற்றை அங்கே ஆறுதலாக இருந்து அளந்தறியலாம். 1954 இல் அச்சுரங்கம் பயனுக்கு வந்தது. அங்கு தேடப்பட்டது வேகம். ஓட்டுபவரின் காது அந்நாளில் எவருடைய கணக்கிலும் இடம்பெறவில்லை.

அக்காலத்துப் பந்தய வாகனங்கள் முன்சக்கரத்தையும் உள்ளடக்கி மூடிய பெரிய உலோகக் கூடுகளை அணிந்திருந்தன. ஆங்கிலேயர் அக்கூட்டுக்குக் 'குப்பைத்தொட்டி' என்று பட்டப்பெயர் சூட்டினர். பந்தய வீரர் எரிபொருள் தாங்கியின்மேல் நெஞ்சைக் கிடத்தி, நாடியை அதனோடு ஒட்டிக்கொண்டு செல்பவர். அவருக்குச் சிறியதொரு கண்ணாடி போதும். ஆயினும் பக்கத்திலிருந்து வீசும் காற்றுக்கு அப்பெரிய கூடு பாய்போல் அமைந்தது. நேர்க்காற்றை வென்ற வாகனம் குறுக்குக் காற்றிலே தடுமாறிற்று. அனைத்துலக மோட்டார்ச் சைக்கிள் சம்மேளனம் 1958 ஆம் ஆண்டுப் பந்தயங்கள் முதல் அக்கூடுகளைத் தடை செய்தது. மோட்டோ குற்சியும் வேறு சில இத்தாலியக் கம்பனிகளும் 1957 இன் முடிவிலே பந்தயத்தை விட்டே விலகிக்கொண்டன.

சாலையிற் செல்லும் சாதாரண மனிதர் தாங்கியின்மேற் படுத்துச் செல்வதில்லை. அவர் நிமிர்ந்து அமர்கிறார். மழையிலும் பனியிலும் தொழிலுக்குப் போகிறார். அவருக்கு வேண்டியது உயர்ந்த முன்கண்ணாடி. ஆனால் தொடக்க காலத்தில் அதற்கேற்ற பொருள் கிடைக்கவில்லை. செலுலோயிட் தகடு வெயிலில் மஞ்சளாகி வெடித்தது. சில்லுக்கண்ணாடியோ விபத்தில் முகத்தைக் கிழிக்கவல்லது. 1930 களில் ஜேர்மனியில் பிளெக்சிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பேர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர்பெற்ற தெளிந்த பிளாஸ்டிக் தகடு தோன்றியது. போர்க்காலத்தில் விமானங்களின் மேல்மூடிகளுக்குப் பயன்பட்ட அப்பொருள், போர் முடிந்தபின் மோட்டார்ச் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் 1953 இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட பொலிகார்பனேற்று, எளிதில் உடையாத கண்ணாடிக்கு வழிவகுத்தது.

1948 இல் இங்கிலாந்திலே வெளிவந்த வெலோசெற் எல்.ஈ. என்னும் சிறு வாகனம் இங்கே நினைக்கத்தக்கது. நீரினாற் குளிரூட்டப்பட்ட அதன் யந்திரம் மிக மெல்லிய ஓசையே எழுப்பும். பொலிஸ் படைகள் பல அதனை விரும்பி வாங்கின. மேலதிகாரியைக் கண்டால் கைப்பிடியை விட்டுச் சலாம் செய்யவேண்டாம், தலையை அசைத்தாற் போதும் என்று காவலருக்கு விலக்கு அளிக்கப்பட்டமையால், அதற்குத் 'தலையாட்டும் வண்டி' என்ற பொருளில் 'நொடி பைக்' எனப் பெயர் வழங்கியதாகச் சொல்வர். உயர்ந்த முன்கண்ணாடியும் கால்மறைப்பும் பூண்டு அவ்வண்டிகள் ஊர்க்காவல் செய்தன. மணிக்கு ஐம்பது மைலைத் தாண்டுவதே அவற்றுக்கு அரிது. அந்த வேகத்தில் ஒரு கண்ணாடி செய்யும் தொண்டும், நெடுஞ்சாலை வேகத்தில் அதே கண்ணாடி செய்யும் தொல்லையும் வேறுவேறு என்பதைப் பிற்காலத்தவர் காதினாற் கற்றனர்.

அந்தத் தொல்லை எங்கிருந்து வருகின்றது? குளம் நிறைந்து வான் பாயும்போது அணைக்கட்டின் விளிம்பைத் தாண்டிய நீரை உற்று நோக்கினால் விடை தெரியும். விளிம்புவரை கண்ணாடிபோல் வந்த நீர், அதனைக் கடந்ததும் சுழித்துக் கலங்குகிறது. காற்றும் அவ்வாறே. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஒழுங்காக ஏறிவரும் காற்று, விளிம்பை விட்டு நீங்கியதும் சிறு சிறு சுழல்களாக உடைகிறது. மேலே விரையும் காற்றுக்கும் கண்ணாடியின் பின்னே தேங்கிய காற்றுக்கும் இடையில், பின்னோக்கிச் செல்லச் செல்லத் தடித்துக்கொண்டு போகும் கலக்கப்படை ஒன்று உண்டாகிறது. அப்படை ஓட்டுபவரின் நெஞ்சில் விழுந்தால் அவர் அதனைப் பெரிதுபடுத்துவதில்லை. தலைக்கவசத்தின் நாடிப்பகுதியில் விழுந்தாலோ தலை நடுங்குகிறது, பார்வை அதிர்கிறது, காதுக்குள் இடி இடிக்கிறது. கண்ணாடியே இல்லாத வாகனத்தில் அமர்ந்தவருக்குக் காற்றின் தள்ளுதல் கடுமையானதே. எனினும் அவர் தலையை எட்டுவது கலங்காத காற்று. ஆகவே, குட்டையான கண்ணாடியைச் சற்றே உயர்த்தியவர் முன்னிருந்ததைவிடக் கூடுதலான இரைச்சலை விலைகொடுத்து வாங்கிய கதைகள் ஏராளம். நெஞ்சில் விழுந்த கலக்கத்தைக் காதுக்கு ஏற்றிவிட்டார் அவர்.

காற்று ஏன் இவ்வளவு ஓசை எழுப்புகிறது என்பதற்குரிய கணிதம் 1950 களிலேதான் பிறந்தது. 1952 இல் ஜேம்ஸ் லைற்ஹில் என்னும் ஆங்கிலக் கணிதவறிஞர், கலங்கியோடும் காற்று தானே ஒலிமூலமாவதை விளக்கினார். 1955 இல் கேள் என்பவர், அக்காற்று ஒரு திண்பொருளோடு மோதும்போது நிகழ்வதை அதனோடு சேர்த்தார். அவ்வாறு பிறக்கும் ஒலியின் வலு, வேகத்தின் ஆறாம் அடுக்கின்படி ஏறும் என்பது அதன் முடிவு. வேகம் இருமடங்கானால் ஒலியின் வலு அறுபத்துநான்கு மடங்காகும். டெசிபெல் அளவிற் சொன்னால் ஏறக்குறைய 18 கூடும். ஜெற் விமானங்களின் பேரொலியை ஆராய்வதற்கெனத் தோன்றிய இந்தக் கணக்கு, தலைக்கவசம் அணிந்தவனுக்கும் பொருந்துவதாயிற்று.

பிரித்தானியாவில் 1973 ஜூன் மாதம் முதல் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமாயிற்று. உயிர்காக்கும் அக்கவசம் காதையும் காக்கும் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். கூரிய ஓசைகளை அது ஓரளவு தணிக்கின்றது. காற்றின் முழக்கமோ தாழ்ந்த சுருதியுடையது, கவசத்தை ஊடுருவி உள்ளே புகுவது. 1990 களிலே சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் கவசத்தினுள்ளே ஒலிவாங்கிகளை வைத்து அளந்தபோது, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 90 டெசிபெலும், 160 கிலோமீற்றரில் 110 டெசிபெல் அளவும் காணப்பட்டன. தொழிற்சாலைகளிலே 85 டெசிபெல் இரைச்சலை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் கொள்வர். அக்கணக்கின்படி 100 டெசிபெலுக்கு உரிய நேரம் பதினைந்து நிமிடமே. நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ரோந்து செல்லும் காவலரும், கடிதமும் மருந்தும் கொண்டோடுபவரும் எந்த நிலையில் இருந்தனர் என்பதை இதிலிருந்து அறியலாம். 2011 இல் பாத் நகரத்துப் பல்கலைக்கழகங்கள் இரண்டின் ஆராய்ச்சியாளர், கவசத்தின் அடிப்புறமும் நாடிப்பகுதியுமே இவ்விரைச்சலின் முக்கிய வாயில் என்று காற்றுச் சுரங்கத்திலும் சாலையிலும் சோதித்து வெளியிட்டனர். முன்கண்ணாடியின் விளிம்பிலிருந்து வரும் கலக்கம் பெரும்பாலும் எட்டும் இடமும் அதுவே.

ஆராய்ச்சி பின்னால் வந்தது. கைவினைஞர் முன்னாலே சென்றுவிட்டனர். அமெரிக்காவிலே கிரெய்க் வெற்றர் என்னும் வடிவமைப்பாளர் 1970 களின் தொடக்கத்தில் 'விண்ட்ஜாமர்' என்ற காற்றுக்கூட்டை விற்கலானார். பல கம்பனிகளின் வாகனங்களுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்டது அது. கைப்பிடியோடன்றி வாகனத்தின் சட்டத்தோடு அது பிணைக்கப்பட்டமை பெரிய நன்மை. கைப்பிடியிற் பூட்டிய உயர்ந்த கண்ணாடியைக் காற்று தள்ளினால் முன்சக்கரமும் உடன் ஆடும். ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பனி 1976 இல் ஆர் 100 ஆர்.எஸ். என்ற வாகனத்தை வெளியிட்டது. ஹான்ஸ் மூத் என்பவர் அதன் கூட்டை இத்தாலியிலுள்ள பினின்பரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து உருவாக்கினார். விரைந்து செல்பவருக்கு அது மிக ஏற்றது. நிமிர்ந்திருந்து நெடும்பயணம் செய்வோர் இன்னும் உயரம் கேட்டனர் போலும். இரண்டாண்டுகளில் அதே கம்பனி உயர்ந்த கண்ணாடியுள்ள ஆர் 100 ஆர்.ரி. என்ற இன்னொன்றைக் கொணர்ந்தது. பந்தயத்தின் நிழலிலிருந்து பயணம் பிரிந்த இடம் அதுவெனலாம்.

உயர்த்துவதென்றால் எவ்வளவு? கலக்கப்படை தலைக்கு மேலாகக் கடந்து செல்லுமளவு உயர்த்தவேண்டும். அதேவேளை கண்ணாடியின் ஊடாகப் பார்க்காமல் அதன் மேலாகப் பார்க்கவும் வேண்டும். மழைநீரும் பூச்சியும் படிந்த கீறல் விழுந்த தகட்டின் வழியே இரவிற் பார்ப்பது அபாயம். விளிம்பிலே காற்று மேல்நோக்கி எறியப்படுவதனால் இவ்விரண்டும் ஒருங்கே கூடும். அனுபவசாலிகள் விளிம்பை மூக்கின் மட்டத்தை அண்டி நிறுத்துவது இதனாலேயே. மட்டம் என்பது ஓட்டுபவருடைய மூக்கின் மட்டம். கடைக்காரர் சொல்லும் அங்குலக் கணக்கு அன்று. ஒரே வாகனத்தில் ஒருவருக்கு அமைதி தந்த கண்ணாடி, நான்கு விரற்கடை நெடியவருக்குத் தலையிடி தரும். ஓடும்போது ஒரு கையை விளிம்புக்குப் பின்னே மெல்ல உயர்த்திப் பார்த்து, கலங்கிய காற்று எவ்விடத்தில் தொடங்குகிறது என்று அறியும் பழக்கம் ஓட்டுபவரிடையே உண்டு. கையினால் அளக்கும் அம்முறையை மட்டமாக மதிப்பதற்கில்லை.

மிக உயர்ந்த கண்ணாடிக்கும் ஒரு குறை உண்டு. அதன் பின்னே காற்றழுத்தம் குறைந்துபோக, பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் முதுகுப்புறத்திலிருந்தும் காற்று உட்புகுந்து ஓட்டுபவரை முன்னே தள்ளும். கண்ணாடியின் அடியில் ஒரு துவாரம் விட்டுச் சிறிது காற்றை உள்ளே அனுமதித்தால் அந்த இழுவை தணிகிறது. 1990 களிலே பி.எம்.டபிள்யூ. முதலிய கம்பனிகள் மின்மோட்டாரினால் ஏறி இறங்கும் கண்ணாடிகளைப் பயண வாகனங்களிற் பொருத்தின. ஊருக்குள் தாழ்த்தியும் நெடுஞ்சாலையில் உயர்த்தியும், பொத்தான் ஒன்றை அழுத்தித் தம் காதுக்கு ஏற்ற இடத்தை ஓட்டுபவர் தாமே தேடிக்கொள்ளலாயினர். அத்தகைய வாகனங்களுக்கும் நெடியவர்க்கென்று இன்னும் உயர்ந்த மாற்றுக் கண்ணாடிகள் தனியே விற்பனையாகின்றன.