தலையில் வெட்டு விழுந்த காசுகள்

1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்ற ஊரில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் போட்ட வெட்டு!

காசு சேர்ப்பவர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? அகஸ்டஸ் ஒரு தட்டு, டைபீரியஸ் ஒரு தட்டு, நீரோ ஒரு தட்டு என்று அரசர் வாரியாகப் பிரிப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் இந்தப் புதையலை அப்படிப் பிரித்தால் கதையே போய்விடும். வெட்டு விழுந்த ஒரு காசு தனியாக இருந்தால் அது வெறும் சேதம். நூற்றுக்கணக்கில் சேர்ந்து இருந்தால்தான் யாரோ வேண்டுமென்றே வெட்டியது தெரியும். நாணயமாகச் செல்லாது, தங்கமாக எடை போட்டுக்கொள் என்பதற்கா? அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது.

இன்னொன்று. புதையலில் கடைசி அரசர் வெஸ்பாசியன். அவர் ஆட்சிக்கு வந்தது கி.பி. 69-ல். ஆகவே அதற்கு முன் இதைப் புதைத்திருக்க முடியாது. வெஸ்பாசியனை வேறு தட்டுக்கு மாற்றினால் இந்தத் தேதியும் தொலைந்தது. கிடைத்த ஊர் எழுதாத காசு, வவுச்சர் இல்லாத கணக்கு மாதிரிதான்.

சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885-ல் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், அங்கிருந்த ரோமானியக் காசுகளுக்குப் பட்டியல் அச்சிட்டார்.

தங்கத்துக்குக் கவலையில்லை. மதுரை, கரூர் பக்கம் கிடைக்கும் செம்புக் காசுகள்தான் பாவம். எண்ணூர், திருவொற்றியூர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே அரித்துப் போகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பில் பச்சைப் பொடி பூக்கும், பிறகு எழுத்தே இருக்காது. பி.வி.சி. உறையும் ஆகாது. அமிலமில்லாத காகித உறை, பக்கத்தில் சிலிக்கா ஜெல், உறை மேல் ஊர்ப் பெயர். புளி போட்டுத் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது.