இருப்பதும் இருந்ததும்

காரைக்கால்காரன் காரியம் இல்லாமல் பாண்டிச்சேரிக்குப் போவதில்லை. மாற்றல் உத்தரவு, ஓய்வூதியக் கோப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நோய் என்று ஏதாவது ஒன்று வேண்டும். மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களைக் கடந்து சுமார் 130 கிலோமீட்டர் போனால்தான் நம் தலைநகரம். இறங்கியதும் எந்த அலுவலகம், எத்தனையாவது மாடி என்றுதான் விசாரிக்கிறோம். கட்டடத்தைக் கட்டடமாக அண்ணாந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. இந்த வருஷம் தை மாதம் ஓவிய ஆசிரியரான நண்பர் ஒருவருடன் இரண்டு நாள் அங்கே சுற்றினேன். கையில் மனு இல்லை. அவர் தோளில் காமிரா இருந்தது. பழைய கட்டடங்களைப் படமெடுப்பது திட்டம். எங்களுக்குள் கட்டடக் கலை பற்றித் தொடங்கிய தர்க்கம், சரித்திரத்தை எதில் வைத்துக் காப்பாற்றுவது என்பதில் போய் நின்றது. அதை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

நண்பர் முதலில் போனது கடலை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதிக்கு. மஞ்சள் பூசிய உயரமான சுவர், வெள்ளைப் பட்டை, பெரிய மரக்கதவு, சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் காகிதப்பூ. துமா வீதியில் ஒரு சுவரின் முன் கால் மணி நேரம் நின்றார். ஸ்கூட்டர் போக வேண்டும், கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடி நகர வேண்டும். "ஆள் இல்லாம இருந்தாத்தான் பழசா தெரியும்" என்றார். சுற்றுலா விளம்பரங்களின் பார்வையும் இதுதான். தெருவிலிருந்து மனிதர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சரித்திரம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் வெயிலையும் தெருவையும் வெளியே நிறுத்துவதற்காகவே எழுப்பியது. வீட்டின் முகம் உள்ளே, தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. நாம் படமெடுத்துக்கொண்டு வருவது அதன் முதுகை.

துமா 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னர். 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது அவர் காலத்தில்தான். அந்த வகையில் நான் புதுச்சேரிப் பிரஜையாக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் அவர் பெயர் தாங்கிய வீதியில், அவர் பார்த்திருக்கக்கூடிய சுவர் எதுவும் இல்லை. 1761 ஜனவரியில் பட்டினி தாங்காமல் ஊர் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் அவர்கள் ஆத்திரத்தில் அல்ல, திட்டமிட்டு, வெடி வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் திரும்பக் கிடைத்தது பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான். 1765இல் லோ தெ லோரிஸ்தோன் வந்து மறுபடி கட்டத் தொடங்கினார். தெருக்களின் நேர்கோடு மட்டும் பழையது. அந்தக் கோட்டுக்கும், 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரரின் திட்டம்தான் மூலம் என்று சொல்கிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1845இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பெரிய ஆட்டத்தில் கலந்துகொள்ளாத ஊர் என்பதால் யாரும் அதை இடிக்க மெனக்கெடவில்லை. துய்ப்ளேக்ஸின் பாண்டிச்சேரிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

இடிந்த பாண்டிச்சேரியைப் படமாக்கியவர் ஒரு வானநூல் விஞ்ஞானி. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் கணிக்கப் பிரான்சிலிருந்து புறப்பட்ட லெ ஜான்தி, 1761இல் ஊர் எதிரி கையில் இருந்ததால் கரையேற முடியாமல் நடுக்கடலில் அதைத் தவறவிட்டார். அடுத்த கடப்பு 1769 ஜூனில். அதுவரை இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே அலைந்து, 1768இல் பாண்டிச்சேரி வந்து, கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே தன் கணிப்புக்கூடத்தை அமைத்தார். ஊரை இடித்த ஆங்கிலேயரே சென்னையிலிருந்து ஒரு தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள். குறித்த காலை நேரத்தில் மேகம் வந்து சூரியனை மறைத்துவிட்டது. எட்டு வருஷத் தவம் வீண். ஆனால் சுற்றிலும் கிடந்த இடிபாடுகளின் சித்திரம் அவருடைய பயண நூலில் இடம்பெற்றது. பார்க்க வந்தது கிடைக்காதவரால், யாரும் பார்க்க விரும்பாத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. இன்று பாண்டிச்சேரிக்குக் காமிராவுடன் போகிற யாரும் அந்தச் சித்திரத்தை நினைப்பதாகத் தெரியவில்லை.

கோட்டை இருந்த இடம் இப்போது பாரதி பூங்கா. நடுவில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டிய ஆயி மண்டபம். ஆயி, தன் மாளிகையை இழந்த ஒரு தாசி. அந்த இடத்தில் அவள் வெட்டிய குளம்தான் பிற்பாடு நகரத்துக்குக் குடிநீர் தந்தது என்று கதை. அந்த மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னம். நம் அரசாங்கக் கடிதங்களின் தலைப்பில் இருப்பது, வீடு இடிக்கப்பட்ட ஒருத்தியின் ஞாபகம். நண்பர் மண்டபத்தை நாலு கோணத்தில் எடுத்தார். கீழே புதைந்திருக்கும் கோட்டையை எடுக்க ஒரு கோணமும் கிடைக்கவில்லை.

இந்த ஊரில் காமிராவுக்கு எட்டாத இன்னொன்று வேதபுரீஸ்வரர் கோயில். இன்று ஈஸ்வரன் கோயில் என்று நாம் பார்ப்பது பிற்பாடு வேறிடத்தில் எழுந்தது. பழைய கோயில், சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலை ஒட்டி இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் அது இடிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த பழைய மாதா கோயில் 1761இல் போயிற்று. இப்போதுள்ளது 1791இல் முடிந்தது. ஒருவர் கோயிலை ஒருவரும், அவர் கோயிலை இன்னொருவரும் இடித்தபின் எஞ்சிய இடத்தின் மேல் இப்போது நல்ல வெளிச்சம் விழுகிறது. படம் அழகாக வந்திருக்கிறது.

வேதபுரீஸ்வரர் இடிக்கப்பட்ட நாள்கள் நமக்குத் தெரிவது ஆனந்தரங்கப் பிள்ளையால். துய்ப்ளேக்ஸின் துபாஷ். 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். யார் உத்தரவிட்டது, எதை முதலில் உடைத்தார்கள், ஊர்ப் பெரியவர்கள் எப்படி வந்து முறையிட்டார்கள், தன்னால் என்ன செய்ய முடியாமல் போயிற்று என்று வரிசையாகச் சொல்கிறார். அது அலங்காரமில்லாத பேச்சுத் தமிழ், கணக்குப்பிள்ளையின் தமிழ். இலக்கியம் என்ற எண்ணமே இல்லாமல் எழுதப்பட்டதால் நம் நவீன உரைநடைக்கு அவர் இவ்வளவு அருகில் இருக்கிறார். அவர் நடுநிலையாளர் அல்ல. வியாபாரி, பதவி மோகம் உண்டு, சாதி அபிமானம் உண்டு. ஆனால் அவர் வாக்கியங்களை எடுத்துவிட்டால் 1748 என்பது வெறும் எண்தான். 1846இல் கலுவா மோம்ப்ரேன் அந்த ஏடுகளைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பிரபஞ்சன் அதிலிருந்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் எழுதினார். அழிந்த ஊரின் அஸ்திவாரம் அந்தத் தமிழில் இருக்கிறது என்றேன்.

நண்பர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளைவாள் எழுதினது பெரிய மனுஷங்க சமாசாரம். கடப்பாரை பிடிச்ச கொத்தனார் பேர் அதுல இருக்கா? படம் எடுத்திருந்தா அவன் தன்னால விழுந்திருப்பான்" என்றார். இதற்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது. எழுதுகிறவன் தேர்ந்தெடுத்துத்தான் எழுதுகிறான். காமிரா, எடுப்பவன் நினைக்காததையும் சேர்த்து விழுங்குகிறது. ஆனால் தெரு காலியாகட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தவரும் இவர்தான்.

மறுநாள் வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்குப் போனோம். ரங்கப்பிள்ளையின் மாளிகை அவர் பெயரிலுள்ள வீதியில், மார்க்கெட் சந்தடிக்கு நடுவே இருக்கிறது. 1761க்குத் தப்பியதாகக் கருதப்படும் மிகச் சில கட்டடங்களில் ஒன்று. கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள். மேல்தளத்தில் வெள்ளைச் சாந்து பூசிய ஐரோப்பியத் தூண்கள். கீழே தமிழ் இலக்கணம், மேலே பிரெஞ்சு இலக்கணம். இந்தச் சேர்க்கைதான் பின்னால் ஊரெங்கும் பரவியது. வைசியாள் வீதியில் இரண்டாயிரத்துக்குப் பின் சீரமைத்த வீடுகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தெரு ஓரமாக மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்குப் பின்னால் திண்ணை. தாழ்வாரம் வழிப்போக்கனுக்கு, திண்ணை விருந்தாளிக்கும் ஊர்வம்பு பேச வருகிறவனுக்கும், அதைத் தாண்டினால்தான் வீடு. சுவருக்கும் தெருவுக்கும் நடுவே இத்தனை படிநிலைகள். எல்லா சாதிக்கும் திண்ணை திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே நண்பரால் ஆள் இல்லாமல் படமெடுக்க முடியவில்லை. யாராவது உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் காத்திருப்பதை விட்டுவிட்டு எடுக்கத் தொடங்கினார். இரண்டு நாளில் எடுத்தவற்றில் அவையே நல்ல படங்கள்.

கடைசியாகக் கடற்கரையில் மேரி கட்டடம். 1870-71இல் கட்டிய பழைய நகரசபை, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதே முகத்தோற்றத்தில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். "வாக்கியத்தை வச்சிக்கிட்டு இதைக் கட்டியிருக்க முடியுமா? வரைபடமும் படமும் வேணும்ல?" என்றார் நண்பர். வாஸ்தவம். ஆனால் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது ஆறு வருஷம் வெற்றிடமாகக் கிடந்தது என்று தெரியும்? விழுந்தது என்ற செய்தி புதிய கட்டடத்தின் முகத்தில் இல்லை. லோரிஸ்தோன் கட்டியதைத் துமாவின் ஊர் என்று நினைத்துப் பார்ப்பதும் இப்படித்தான். படத்துக்குக் கீழே வருஷமும், யார் எதற்காகக் கட்டினார்கள் என்பதும் ஒரு வரியாவது இல்லாவிட்டால், மிக நல்ல படம்கூட மறதிக்கு உதவிசெய்யும்.

இதை நான் கலாரசனையின் பேரில் சொல்லவில்லை. வங்கியில் என் மேஜைக்கு வரும் வீட்டுக்கடன் கோப்புகளில் மதிப்பீட்டாளர் எடுத்த படங்கள் இருக்கும்: முகப்பு, பக்கவாட்டு, உள்ளே ஒன்று. கூடவே சதுர அடியும் நான்கெல்லையும். ஐம்பது அறுபது வருஷத்தைத் தாண்டிய வீட்டில் தேய்மானம் போகக் கட்டடத்துக்கென்று மிஞ்சுவது சொற்பம், மனைக்குத்தான் விலை. இடித்துக் கட்டுவதற்காகவே கடன். சைகோனில் சம்பாதித்து வந்தவர்கள் எழுப்பிய காரைக்கால் வீடுகள் சில, தம் வாழ்நாளில் ஒரே தடவை படமெடுக்கப்பட்டது இந்தக் கோப்புகளுக்காகத்தான். கடன் தீர்ந்து, வைத்திருக்க வேண்டிய காலமும் முடிந்தால், கோப்பும் அழிக்கப்படும். பாண்டிச்சேரிக்குப் பாரம்பரியம் என்று ஒரு சொல் கிடைத்து, அதைச் சுற்றிப் பணமும் அக்கறையும் வந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு அந்தச் சொல் பஸ் ஏறி வரவில்லை. நாட்குறிப்பு எழுதிய துபாஷும் எங்களுக்கு இல்லை.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, மாதா கோவில் வீதிக்குப் பின்னாலுள்ள தெருவொன்றில் நண்பர் ஒரு திண்ணையை எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பாட்டி வெளியே வந்து, "லோனுக்காங்க தம்பி?" என்றார். இல்லை என்றதும் உட்காரச் சொன்னார். தூண் பர்மாத் தேக்கு, கட்டியவர் மாமனார், காசு சைகோன் காசு. எந்த வருஷம் என்று கேட்டேன். பெரிய புயலுக்கு முன்னால் என்றார். 1977 புயலா, 1952 புயலா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "கச்சேரியில பிரெஞ்சுக்காரன் கொடி பறந்தப்பவே வீடு இருந்துது" என்றார். 1954 நவம்பரில் இறங்கிய கொடி அது. ஆக 1954 நவம்பருக்கு முன். நண்பர் அதைப் படத்தின் எண்ணுக்கு நேராகக் குறித்துக்கொண்டார். பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை நகரச் சொல்லவில்லை.