செமினி ஆறும் நமது கடமையும்

செமினி என்றதும் ரப்பர்த் தோட்டங்களே நினைவுக்கு வந்த காலம் ஒன்றுண்டு. நம் முன்னோர் வெட்டிச் சேர்த்த பாலை ஆலைகளில் திராவகம் விட்டு உறையச் செய்தனர். எஞ்சிய புளிப்புநீர் ஓடைகளிற் கலந்து அழுகி நாறியது. ரப்பர் ஆலைக் கழிவுகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1978-இல்தான் பிறந்தன. அதுவரை ஓடையின் துயரைக் கேட்பாரில்லை.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஆற்றின் துயர் மாறியதா? உலு லங்காட் மலையில் பிறந்து லங்காட் ஆற்றிற் சேரும் செமினி ஆற்றில் 1980-களில் அணை எழுந்தது. அணைநீர் தெளிந்ததே, ஆயினும் ஊரையும் தொழிற்பேட்டைகளையும் கடந்த பின்னரே அது சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. இடர் அவ்விடைவழியில்தான் நேருகிறது.

2016-இல் ஆற்றுநீரில் துர்நாற்றம் கண்டு நிலையம் பலமுறை மூடப்பட்டது. 2020 அக்டோபரில் மீண்டும் அதே கதி. அதற்கு முந்திய மாதம் சிலாங்கூர் ஆறு மாசுற்றபோது நான்கு நிலையங்கள் நின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. ஊற்றியவர் சிலர், வாளியேந்தி நின்றவரோ பல லட்சம் பேர்!

சுத்திகரிப்பு நிலையம் இதனை நீக்காதா என்பர் சிலர். படிகாரம் சேற்றைத் திரட்டும்; மணல் வடிகட்டும்; குளோரின் கிருமியைக் கொல்லும். நீரிற் கரைந்த இரசாயனத்தையும் அதன் நாற்றத்தையும் இம்மூன்றும் முற்றும் போக்கமாட்டா. ஆகவே நிலையத்தை மூடுவதன்றி வேறு வழியில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, அபராத உச்சம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் நள்ளிரவில் குழாயைத் திறந்துவிடுவோனைச் சட்டம் எங்ஙனம் தனியே காணும்? கரையில் வாழும் மக்களின் கண்களன்றோ அதற்குத் துணை!

பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் நோக்குவோம். வீட்டோரத்து மழைநீர்க் கால்வாய் ஆற்றுக்கே போகிறது. அதில் பட்டறை எண்ணெயையும் சமையற் கொழுப்பையும் ஊற்றுவோர் நம்மிலும் உண்டு. பழைய சாமி படத்தையும் வாடிய மாலையையும் ஆற்றில் எறிந்துவிட்டு, அதனைப் பக்தி என்பது எவ்வகை அறிவு?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, சங்கத்துத் தோழர்களே! பிள்ளைகளைக் கால்வாய் ஓரமாக அழைத்துச் சென்று, அந்நீர் எங்கே போகிறது, எப்படித் திரும்பி நம் குழாய்க்கு வருகிறது என்று காட்டுங்கள். நிறமோ மணமோ மாறக் கண்டால் அதிகாரிகட்கு உடனே அறிவிக்கப் பழக்குங்கள். ஓடை நாறியபோது முறையிட நம் முன்னோர்க்கு வழியில்லை. நமக்கோ வழியுண்டு, வாய் திறவாதிருப்பின் குற்றம் நம்முடையதே.